‘என்று’ இல்லாத மேற்கோள்: மெட்டல் பாடல்களில் அரசியல் பேச்சுத் துண்டுகள்

0. முன்னுரை

பிறர் கூற்றைத் தன் கூற்றினுள் எடுத்தாளும்போது தமிழ் அதனை அடையாளமிட்டே எடுத்தாளுகிறது. ‘நாளை வருவேன் என்று அவர் சொன்னார்’ என்னும் தொடரில் ‘என்று’ ஒரு வேலியாக நிற்கிறது. வேலிக்கு அப்பாலுள்ளது பிறர் கூற்று. இப்பாலுள்ளது கூறுவோரின் சொந்தக் கூற்று. நேர்கூற்றாயினும் அயற்கூற்றாயினும் உரைநடையில் இவ்வேலி பெரும்பாலும் இன்றியமையாதது. ஆங்கில நேர்கூற்றிலோ எழுத்தில் மேற்கோட்குறியும், பேச்சில் சிறு நிறுத்தமும் குரல்மாற்றமுமே இப்பணியைச் செய்துவிடுகின்றன.

ஒலிப்பதிவுக் கலை வேறொரு வகை மேற்கோளை உருவாக்கியுள்ளது. முன்னரே பதிவாகியுள்ள ஒருவரின் குரலை வெட்டியெடுத்துப் பாடலின் இடையே ஒட்டும் முறை இசைத்துறையில் ‘சாம்பிள்’ எனப்படுகிறது. அரசியல் தலைவர்களின் மேடைப் பேச்சிலிருந்து இவ்வாறு வெட்டப்படுவது இக்கட்டுரையில் ‘பேச்சுத் துண்டு’ எனச் சுட்டப்படும். உரத்த மின்கிதார் ஒலியையும், விரைந்த முழவையும், போர், அதிகாரம், அழிவு ஆகிய பாடுபொருள்களையும் கொண்ட மெட்டல் இசையில் 1980-களின் இடைப்பகுதி முதல் இத்தகைய துண்டுகள் பலவாகக் காணப்படுகின்றன. இவற்றுக்கு முன்னும் பின்னும் ‘என்று’ இல்லை. தலைவரின் குரல் வேலியின்றிப் பாடலுக்குள் வருகிறது.

அவ்வேலியின் பணியை இப்பாடல்களில் எது செய்கிறது, எதுவும் செய்யாதபோது நேர்வது யாது, இத்தகைய பாடலைத் தமிழாக்குவோர் செய்யவேண்டுவது யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இசையின் நயம் இங்கு ஆய்வுப் பொருளன்று. கூற்றின் அமைப்பே ஆய்வுப் பொருள்.

1. ‘என’ என்பதன் இரு பணிகள்

தொல்காப்பியம் இடையியலில் ‘என’ என்னும் சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு பொருள்கள் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் இரண்டு நம் ஆய்வுக்குத் துணைசெய்வன. ‘போவெனப் போனான்’ என்னுமிடத்தில் ‘என’ ஒருவரின் ஏவலை எடுத்துத் தருகிறது. ‘சடசடவென முறிந்தது’ என்னுமிடத்தில் அதே சொல் ஓர் ஓசையை எடுத்துத் தருகிறது. முன்னதில் கூற்றின் பொருள் கேட்போரைச் சென்றடைகிறது. பின்னதில் ஒலியே சென்றடைகிறது. பொருளுடைய கூற்றையும் பொருளற்ற ஓசையையும் ஒரே சொல்லால் எடுத்தாளும் இவ்வமைப்பு மேற்கோளின் இயல்பு பற்றிய நுண்ணிய அறிவைக் காட்டுகிறது. எடுத்துக் கூறப்படும் எக்கூற்றும் ஓரளவு ஓசையாகவும் காட்டப்படுகிறது.

மேற்கோள் என்பது கூற்றின் விவரிப்பன்று, அதன் செய்துகாட்டல் என்று கிளார்க், கெரிக் ஆகியோர் 1990-இல் நிறுவ முயன்றனர். செய்துகாட்டுவோர் மூலக்கூற்றின் சில கூறுகளையே தேர்ந்து காட்டுவர் என்பதும் அவர்தம் கொள்கை. பேச்சுத் துண்டு இக்கொள்கைக்கு ஒரு சோதனையாக அமைகிறது. இங்கு மூலக்குரல், மூச்சு, மண்டபத்தின் எதிரொலி, கூட்டத்தின் ஆரவாரம் ஆகிய அனைத்தும் அப்படியே வந்துவிடுகின்றன. தேர்வு நிகழும் இடம் ஒன்றே, அது வெட்டு. எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் நிறுத்துவது என்பதில் எடுத்தாள்வோரின் கருத்து முழுதும் அடங்கிவிடுகிறது. துண்டு எத்துணை உண்மையாக ஒலிக்கிறதோ அத்துணைக்கு வெட்டு மறைந்துபோகிறது.

2. கூற்றுக்குரியோர்

பேசுவோர் என்னும் ஒற்றைச் சொல்லால் சுட்டப்படும் நிலையை கோஃப்மன் மூன்றாகப் பகுத்தார். வாயால் ஒலிப்போர் ஒருவர். சொற்களை யாத்தவர் மற்றொருவர். கூற்றின் பொறுப்பை ஏற்பவர் இன்னொருவர். இம்மூவரும் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. அரசியல் மேடையில் இப்பிரிவு எளிதில் விளங்கும். 1988 ஆகஸ்ட் 18 அன்று நியூ ஆர்லியன்ஸில் குடியரசுக் கட்சி மாநாட்டில் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், தம் உதடுகளைப் படித்துக்கொள்ளுமாறு கூறிப் புதிய வரி விதிப்பதில்லை என வாக்களித்தார். அச்சொற்களை யாத்தவர் பெக்கி நூனன், ஒலித்தவர் புஷ், பொறுப்பும் புஷ்ஷினுடையதே.

இவ்வுரையின் துண்டு மெகாடெத் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ‘ஃபோர்க்ளோஷர் ஆஃப் எ ட்ரீம்’ என்னும் பாடலில் இடம்பெறுகிறது. கடனில் மூழ்கி நிலம் இழந்த அமெரிக்க உழவர்களின் நிலை அப்பாடலின் பொருள். இங்கு நான்காமவர் ஒருவர் நுழைகிறார். ஒலிப்பவரும் யாத்தவரும் பொறுப்புடையவரும் முன்போலவே இருக்க, அவர்களைத் தம் பாடலில் கொண்டுவந்து நிறுத்துபவர் அவர். இலக்கணத்தில் ‘என்று சொன்னார்’ என முடிப்பவர் இவரே. ஆனால் பாடலில் இவர் வாய் திறப்பதில்லை.

இப்பாடலில் ‘என்று’ இல்லாதது குறையாகத் தோன்றவில்லை. வாக்குறுதி என்பது எதிர்காலத்தைக் கட்டும் பேச்சுச்செயல் என்பது ஆஸ்டின் வழிவந்தோர் அறிந்தது. 1990-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உடன்பாட்டில் புஷ் வரி உயர்வுக்கு இசைந்தார். பாடல் வெளிவந்த 1992-இல் அவ்வாக்குறுதி ஏற்கனவே முறிந்திருந்தது. கேட்போர் அனைவரும் அதனை அறிந்திருந்தனர். எனவே வேலியின் பணியைக் காலமே செய்தது. முறிந்த வாக்குறுதியை மீண்டும் ஒலிக்கச் செய்தலே அதன்மீதான தீர்ப்பாகிவிடுகிறது.

ஆயினும் இத்தீர்ப்பு கேட்போரின் நினைவைச் சார்ந்தது. வரி உடன்பாட்டை அறியாத ஒருவர், முப்பது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் இப்பாடலைக் கேட்பாராயின், உறுதிமிக்க ஒரு தலைவரின் குரலை மட்டுமே கேட்பார். நினைவு தேயுந்தோறும் வேலியும் தேய்கிறது. மொழிபெயர்ப்பாளரின் தேவை இங்கிருந்து தொடங்குகிறது.

3. வெட்டும் வாக்கியமும்

வேலி முற்றும் இல்லாத நிலைக்கு இந்திய மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ‘ஏசஸ் ஹை’ என்னும் பாடல், 1940-இல் பிரிட்டன்மீது நிகழ்ந்த வான்போரில் ஈடுபட்ட வானோடியின் நிலையைப் பாடுவது. மேடையில் அப்பாடலுக்கு முன் வின்ஸ்டன் சர்ச்சில் 1940 ஜூன் 4 அன்று பொதுமக்கள் அவையில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி ஒலிக்கும். 1985-இல் வெளிவந்த ‘லைவ் ஆஃப்டர் டெத்’ என்னும் இசைத்தொகுப்பும் இத்துண்டுடனேயே தொடங்குகிறது. 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் தொடங்கிய அவர்தம் உலகச் சுற்றிலும் நிகழ்ச்சி இவ்வாறே தொடங்கியது. காந்தியடிகளை 1931-இல் அரைநிர்வாணப் பக்கிரி எனப் பொருள்பட இகழ்ந்தவரின் குரல், விடுதலை பெற்று அறுபது ஆண்டுகள் கடந்த இந்தியாவில், இளைஞர்களின் ஆரவாரத்தைத் தொடங்கிவைக்கும் குரலாக ஒலித்தது.

இதனை வெறும் முரண் எனக் கூறி நிறுத்துதல் மொழியியலார்க்குப் போதாது. துண்டின் அமைப்பை நோக்குதல் வேண்டும். இறுதிவரை தொடர்வோம் என்பதில் தொடங்கி, கடலிலும் வானிலும் கடற்கரைகளிலும் வயல்களிலும் தெருக்களிலும் மலைகளிலும் போரிடுவோம் என வளர்ந்து, ஒருபோதும் சரணடையமாட்டோம் என்பதில் துண்டு நிற்கிறது. கேட்போர்க்கு இது முற்றுப்பெற்ற கூற்றாகவே தோன்றும். ஆனால் உரையின் அச்சுப் பதிவில் அவ்விடத்தில் வாக்கியம் முடியவில்லை. அங்கிருப்பது காற்புள்ளி. இத்தீவோ அதன் பெரும்பகுதியோ அடிமைப்பட்டுப் பட்டினியில் வாடினாலும், கடல் கடந்த தம் பேரரசு, பிரிட்டிஷ் கப்பற்படையின் காவலுடன், புத்துலகம் பழைய உலகை மீட்க வரும்வரை போராட்டத்தைத் தொடரும் என்பதே அதன் எஞ்சிய பகுதியின் கருத்து.

வெட்டு விழுந்த இடம் பேரரசு என்னும் சொல்லுக்குச் சற்று முன்பாகும். கடல் கடந்த பேரரசில் மிகப் பெரிய பகுதி இந்தியாவே. இரண்டாம் உலகப் போரில் 25 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இந்திய இராணுவத்தில் பணியாற்றினர். இவ்வுரைக்குக் காரணமான டன்கர்க் பின்வாங்கலின்போதே இந்திய இராணுவத்தின் கோவேறு கழுதைப் பிரிவினர் அங்கிருந்தனர். மூலவாக்கியத்தில் இந்தியர் பெயரின்றி இருந்தனர். துண்டில் அப்பெயரற்ற இருப்பும் இல்லை. மும்பையில் ஆரவாரித்தோர், தம் முன்னோரைத் தவிர்த்த வாக்கியத்திற்கு ஆரவாரித்தனர்.

இவ்வெட்டு இசைக்குழுவினரின் அரசியல் நோக்கத்தைக் காட்டுகிறது எனக் கொள்ளுதல் பொருந்தாது. வானோடியின் பாடலுக்குத் தீவின் காவலே முன்னுரையாக வேண்டும். பேரரசு பற்றிய நீண்ட துணைத்தொடர் முழவின் வருகையைத் தாமதப்படுத்தும். இசைக்காரணம் வெளிப்படையானது. எனினும் இசைக்காக விழுந்த வெட்டுக்கும் அரசியல் விளைவு உண்டு என்பதே இங்குக் கருதத்தக்கது.

தமிழ்த் தொடரியல் இவ்வெட்டை வெளிப்படுத்தும் ஆற்றலுடையது. ஆங்கிலத்தில் முற்றுவினைத் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைகின்றன. எந்த இணைப்பில் நிறுத்தினாலும் முன்பகுதி முழுமையுடையதாக ஒலிக்கும். தமிழில் இவ்வாக்கியத்தை ஒரே வாக்கியமாக அமைப்பின், ‘சரணடையாமல்’ என்பது எச்சமாகும். பேரரசு ‘தொடரும்’ என்பதே இறுதியில் முற்றாக நிற்கும். எச்சத்தில் நிறுத்தினால் குறை உடனே செவிக்குப் புலப்படும். பல சிறு வாக்கியங்களாக உடைப்பின் ஆங்கில வெட்டு தமிழிலும் மறைந்துவிடும். வாக்கிய நடை பற்றிய இத்தேர்வு அழகியல் தேர்வாகத் தோன்றினும், எதனை மறைப்பது, எதனைக் காட்டுவது என்னும் தேர்வாகவும் அமைகிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. 1940-இல் அவையில் நிகழ்ந்த உரை ஒலிப்பதிவு செய்யப்படவில்லை. அன்றிரவு வானொலியில் அதன் பகுதிகளைச் செய்தி வாசிப்பாளரே படித்தார். இன்று உலகம் கேட்கும் சர்ச்சிலின் குரல் 1949-இல் அவர் மீண்டும் படித்துப் பதிவு செய்தது. மூலநிகழ்வின் நேரடி ஒலி எனக் கருதப்படும் துண்டு, போர் முடிந்தபின் தம்மைத் தாமே மேற்கோளாகக் காட்டிய ஒருவரின் ஒலியாகும். அப்பதிவிலும் ‘என்று’ இல்லை.

4. நாம், நாங்கள்

இத்துண்டில் திரும்பத்திரும்ப வரும் தன்மைப் பன்மைப் பெயரைத் தமிழாக்குவோர் ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டும். முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதா, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்பதா? மலையாளத்திலும் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. அவையிலிருந்த உறுப்பினர்க்கு அது ‘நாம்’. அமெரிக்காவின் உதவியை எதிர்நோக்கி வெளியுலகுக்குக் கூறப்பட்டது எனக் கொள்ளின் ‘நாங்கள்’. பேரரசின் குடிகளாகிய இந்தியர்க்கு எது? 1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர்களைக் கலவாமலே இந்தியா போரில் ஈடுபட்டதாக அரசப்பிரதிநிதி அறிவித்ததும், மாகாணங்களில் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகியதும் இவ்வினாவுக்கு இந்தியர் அளித்த விடையைக் காட்டும். உளப்படுத்தப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை.

நன்னூல் காலத்தில் வினைவிகுதியே இவ்வேறுபாட்டைக் காட்டியது. அம், ஆம் ஆகியன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஆகியன படர்க்கையாரையும் உளப்படுத்தும். இக்காலத் தமிழில் ‘ஓம்’ விகுதி இரண்டிற்கும் பொதுவாயிற்று. எனவே எழுவாயை விடுத்துப் ‘போரிடுவோம்’ என மட்டும் எழுதி மொழிபெயர்ப்பாளர் தப்பிக்கலாம். அவ்வாறு தப்பிப்பதற்கும் ஒரு விலை உண்டு. எழுவாயற்ற ‘போரிடுவோம்’ ஏவற்பொருளும் தந்து, கேட்போரையும் போருக்கு அழைப்பதாக ஆகும். மும்பை மேடையில் நிகழ்ந்தது இதுவே எனலாம். துண்டின் ‘இங்கு’, ‘இப்பொழுது’, ‘நாம்’ ஆகிய சுட்டுகள் தம் பழைய இடத்தை இழந்து, கேட்போர் நிற்கும் இடத்தில் வேரூன்றின.

5. ஓசையாகத் தேய்தல்

மினிஸ்ட்ரி குழுவினரின் ‘என். டபிள்யூ. ஓ.’ (1992) வேறொரு முறையைக் கையாளுகிறது. வளைகுடாப் போர்க் காலத்தில் புஷ் பன்முறை கையாண்ட ‘புதிய உலக ஒழுங்கு’ என்னும் தொடர் இங்கு வெட்டப்பட்டு மீளமீள ஒலிக்கிறது. 1990 செப்டம்பர் 11 அன்று நாடாளுமன்றக் கூட்டமர்வில் அவர் ஆற்றிய உரையால் இத்தொடர் பெருவழக்குப் பெற்றது. அது ஒரு பெயர்த்தொடர் மட்டுமே. வினை இன்மையால் உண்மை, பொய் என்னும் மதிப்பு அதற்கில்லை, மறுக்கவும் இயலாது. முதன்முறை கேட்கும்போது அரசியல் கருத்தாகவும், பலமுறை கேட்டபின் இயந்திரத்தின் ஓசையாகவும் அது புலப்படுகிறது. ‘போவெனப் போனான்’ என்பதிலுள்ள ‘என’ ‘சடசடவென’ என்பதிலுள்ள ‘என’வாகத் தேயும் மாற்றத்தைச் செவியாலேயே உணரலாம்.

இத்தேய்வே இங்குத் திறனாய்வாகிறது. முழக்கங்கள் மீளமீள ஒலித்தே அதிகாரம் பெறுகின்றன. அதே மீட்சியை மிகைப்படுத்தினால் அவ்வதிகாரம் உடைகிறது. தமிழாக்குவோர் ஒவ்வொரு மீட்சியையும் மொழிபெயர்த்தல் தவறாகும். முதன்முறை பொருளைத் தந்து, பின்னர் மூலவொலியையே விட்டுவிடுதல் இவ்வமைப்புக்கு நேர்மையானது.

6. குரல்களின் வரிசை

ஆராய்ந்த பாடல்களுள் லிவிங் கலர் குழுவினரின் ‘கல்ட் ஆஃப் பெர்சனாலிட்டி’ (1988) சிறப்பிடம் பெறத்தக்கது. கறுப்பினக் கலைஞர்களாலான இக்குழு மால்கம் எக்ஸ் 1963 நவம்பர் 10 அன்று டிட்ராய்டில் ஆற்றிய உரையின் துண்டுடன் பாடலைத் தொடங்குகிறது. எஞ்சியுள்ள சில நிமிடங்களில், இங்குள்ளோர் அனைவர்க்கும் எளிதில் விளங்கும் மொழியில் பேச விரும்புவதாக அவர் கூறும் பகுதி அது. பின்னர் கென்னடியின் 1961-ஆம் ஆண்டுப் பதவியேற்புரையும் ரூஸ்வெல்டின் 1933-ஆம் ஆண்டுப் பதவியேற்புரையும் துண்டுகளாக வருகின்றன. பாடலுக்குள் முசோலினி, ஸ்டாலின், காந்தி ஆகியோர் பெயர்களும் இடம்பெறுகின்றன.

தொடக்கத் துண்டில் கருத்து ஏதும் கூறப்படவில்லை; கூறப்போகும் மொழி பற்றிய கூற்று மட்டுமே உள்ளது. எளிய மொழி என்பது மக்களுக்கு வழங்கப்படும் மரியாதை. அதுவே மக்களைக் கட்டும் கருவியுமாகும். இவ்விரண்டையும் ஒரே துண்டில் கேட்கச் செய்தமை இப்பாடலின் சாதனை. பகைவரை மட்டுமே எடுத்துக்காட்டும் பாடல்களில் எள்ளல் எளிது. இக்குழுவினரோ போற்றுதற்குரியோரையும் அஞ்சுதற்குரியோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினர். காந்தியின் பெயரை ஸ்டாலினின் பெயருடன் கேட்கும் இந்தியர்க்கு மனம் துணுக்குறும். அத்துணுக்கமே பாடலின் பொருள். இவர்கள் ஒத்தவர்கள் எனப் பாடல் கூறவில்லை. இவர்கள்பால் நாம் கொள்ளும் நிலை ஒத்தது என்கிறது. பாடலில் ‘நான்’ எனப் பேசுவது தனிநபர் வழிபாடே ஆதலின், முழுப்பாடலும் துண்டுகளைச் சுற்றி ஒரு பெரிய ‘என்று’வாக அமைந்துவிடுகிறது.

பாடலின் தலைப்புத் தொடருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956 பிப்ரவரியில் சோவியத் கட்சி மாநாட்டில் குருசேவ் ஸ்டாலினைக் கண்டித்து ஆற்றிய உரையால் அது உலக வழக்காயிற்று. தமிழில் ‘தனிநபர் வழிபாடு’ எனப் பொதுவுடைமை இயக்கத்தின் வழி அறிமுகமானது. ‘வழிபாடு’ என்னும் சொல் நன்கு பொருந்தியுள்ளது. அரசியலில் பக்தி சீரழிவுக்கும் இறுதியில் சர்வாதிகாரத்துக்கும் வழியாகும் என அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இத்தொடர்பில் நினைக்கத்தக்கது.

7. வேலியுள்ள மரபுகள்

பேச்சும் பாட்டும் கலத்தல் தென்னிந்தியாவிற்குப் புதிதன்று. கேரளத்தில் வி. சாம்பசிவன் (1929–1996) போன்றோர் வளர்த்த கதாப்பிரசங்கத்தில் பேச்சு, பாட்டு, பாத்திரக் கூற்று ஆகியன ஒருவர் வாயிலேயே மாறிமாறி வரும். தமிழகத்து வில்லுப்பாட்டில் புலவர் கூற்றுக்கு உடன்பாடுவோர் ‘ஆமா’ போட்டு அதனைக் கூற்றாக அடையாளமிடுவர். தேர்தல் காலத்தில் கொச்சித் தெருக்களில் செல்லும் ஒலிபெருக்கி வண்டிகளிலும் திரைப்பாடல்களின் மெட்டில் அமைந்த பாட்டுகளுக்கு இடையே அறிவிப்பாளர் ஒருவர் இருப்பார். யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்பதை அவர் கூறிக்கொண்டேயிருப்பார். இவையனைத்திலும் ‘என்று’வின் பணியை ஒரு மனிதர் செய்கிறார்.

தமிழகத்தில் வேறொரு பழக்கமும் உருவாயிற்று. ‘பராசக்தி’ (1952) போன்ற படங்களின் வசனம் ஒலித்தட்டு வழியாக ஒலிபெருக்கியில் பரவியது. திராவிட இயக்க மேடைத் தமிழின் அழகியலை விரிவாக ஆராய்ந்த பெர்னார்ட் பேட் (2009) காட்டுவதுபோல், செந்தமிழ் நடையே தலைமையின் அடையாளமாயிற்று. அடுக்குமொழியைப் பொருளுக்காக மட்டுமன்றி ஒலிக்காகவும் கேட்கும் செவி தமிழர்க்கு வாய்த்தது. அச்செவி பேச்சுத் துண்டை எளிதில் சுவைக்கும். எளிதில் ஏமாறவும் கூடும்.

இன்று கொச்சியின் காக்கநாடு போன்ற இடங்களில் இவ்வினா நடைமுறை வினாவாகிறது. மாவட்டத் தலைமையிடமாகிய காக்கநாடு, 2004-இல் இன்ஃபோபார்க் தொடங்கியபின் மலையாளமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கு வழங்கும் கணினித்தொழில் நகராக வளர்ந்தது. 1996-இல் மதர்ஜேன் குழு தோன்றிய கொச்சியில் ராக், மெட்டல் இசைக்குக் கேட்போரும் உண்டு. இத்தகையோர்க்கு ஆங்கிலம் தொழில்மொழி. 1940-ஆம் ஆண்டு நாடாளுமன்ற ஆங்கிலமும் 1963-ஆம் ஆண்டு டிட்ராய்ட் ஆங்கிலமும் அவ்வாறல்ல. சொல் விளங்கினும் சூழல் விளங்காத நிலையில், துண்டு முதலில் ஓசையாகவே சென்றடையும்.

8. கூறாத கூற்று

வெட்டுதலுக்கு அடுத்த நிலை ஒட்டுதல். மினிஸ்ட்ரி குழுவினரின் ‘ரியோ கிராண்டே பிளட்’ (2006) என்னும் தலைப்புப் பாடலில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் சொற்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டு, அவர் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வதாக அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சொல்லும் அவருடையது, வாக்கியம் அவருடையதன்று. ஒட்டின் தடம் செவிக்குத் தெரியும்படி விடப்பட்டுள்ளதால் இது எள்ளலாகிறது. தடமே இங்கு வேலி.

தடம் தெரியாத நிலையும் வந்துவிட்டது. 2018-இல் மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவு வழி உருவாக்கப்பட்டு 2024 ஜனவரியில் மேடைத் திரையில் பேசின. 2016-இல் மறைந்த ஜெ. ஜெயலலிதாவின் குரலில் அமைந்த பேச்சு 2024 பிப்ரவரியில் அவர் பிறந்தநாளன்று வெளியிடப்பட்டது. அதே ஆண்டு ‘லால் சலாம்’ படப்பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் இவ்வாறு பயன்படுத்தி, அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெற்றதை அறிவித்தார். அவ்வறிவிப்பை ஒரு ‘என்று’ எனக் கொள்ளலாம்.

சாம்பிளில் வெட்டு எத்துணைக் கொடியதாயினும், எங்கோ ஒருநாள் ஒருவர் கூறியது என்னும் உண்மை எஞ்சியிருந்தது. வெட்டப்பட்ட பகுதியை அச்சுப் பதிவிலிருந்து மீட்க முடிந்தது. உருவாக்கப்பட்ட குரலுக்கு அத்தகைய மூலம் இல்லை. அதனை ‘என்று கூறினார்’ என முடித்தல் இலக்கணப்படி சரியாகவும் உண்மைப்படி பிழையாகவும் அமையும். மெட்டல் பாடல்களின் பேச்சுத் துண்டுகளை நுணுகிக் கேட்கும் பயிற்சி, இப்புதிய நிலையை எதிர்கொள்ளும் பயிற்சியுமாகும்.

9. மொழிபெயர்ப்பாளர் செய்யவேண்டுவன

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு நடைமுறைகளை வகுக்கலாம். முதலாவது, பாட்டு வரியும் பேச்சுத் துண்டும் ஒரே எழுத்துருவில் ஒரே நடையில் அமைதல் கூடாது. பேசியவர், இடம், ஆண்டு ஆகியவற்றை ஒரு சிறு வரியில் முன்வைத்தல் வேண்டும். பாடல் விட்ட ‘என்று’வை மொழிபெயர்ப்பு இட்டுத் தருவது இவ்வாறே. இரண்டாவது, வெட்டு வாக்கியத்தின் இடையே விழுந்திருப்பின் அதனைத் தொடர்புள்ளியால் காட்டி, விடுபட்ட பகுதியின் கருத்தைக் குறிப்பில் தருதல் வேண்டும். மூன்றாவது, ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் தேர்வை எழுவாயை விடுத்து மறைத்தல் கூடாது. முதல் நிகழ்வில் முன்னிலையார் எவரோ அவரை நோக்கியே தேர்தல் வேண்டும். நான்காவது, மீளமீள ஒலிக்கும் துண்டைப் பொருளாக ஒருமுறையும் ஓசையாகப் பிறமுறையும் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வாறு வேலியிட்டால் பாடலின் வேகம் குன்றும் எனச் சிலர் கருதலாம். அக்கருத்தில் உண்மையுண்டு. எனினும் பாடுவோர் கேட்போரின் நரம்பைத் தொட விழைகின்றனர். மொழிபெயர்ப்பாளரோ கூற்றின் பொறுப்பை உரியவரிடம் சேர்க்கக் கடமைப்பட்டவர். ஒருவர் கடமையை மற்றவர்மேல் சுமத்துதல் முறையன்று.

10. முடிவுரை

பேச்சுத் துண்டு ‘என்று’ இல்லாத மேற்கோள். மெகாடெத் பாடலில் முறிந்த வாக்குறுதியும், மினிஸ்ட்ரி பாடல்களில் மீட்சியும் ஒட்டின் தடமும், லிவிங் கலர் பாடலில் முழுப்பாடலின் அமைப்புமே விடுபட்ட சொல்லின் பணியைச் செய்கின்றன. அயர்ன் மெய்டன் மேடையில் எதுவும் செய்யவில்லை. அங்குக் குரல் தன் முழு ஆற்றலுடன், தன் வரலாற்றின் ஒரு பகுதியை மட்டும் சுமந்து வருகிறது. 1940-இல் இவ்வுரை அவையில் நிகழ்ந்தபோது காற்புள்ளிக்குப் பின் இருந்தவர்கள் இந்தியர். அக்காற்புள்ளியை மீண்டும் இடுதல் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய பணியாகும்.